காலையில் 800 மில்லி

முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து என் சிறுநீர்ப்பை தானாகக் காலியாவதில்லை. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை நானே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போட்டு சிறுநீரை எடுக்கிறேன். போடுவது சீக்கிரமே கைவந்துவிட்டது. ஓரிடத்தில் முட்டி நிற்கும். அங்கே அழுத்தித் தள்ளக் கூடாது. மூச்சை இழுத்து விட்டு லேசாக இருமினால் வழி விடும்.

என் தொல்லை வேறு. மாதம் தவறாமல் கிருமித்தொற்று, காய்ச்சல், ஆன்டிபயாடிக். கை சுத்தம் போதவில்லையோ என்று தோல் உரியும் அளவுக்கு சோப்புப் போட்டேன். ம்ஹூம்.

நர்ஸ் ஒருவர் அளவுக்குவளை கொடுத்து மூன்று நாள் கணக்கு எழுதச் சொன்னார். பகலில் 300, 350 மில்லி. காலை முதல் தடவை மட்டும் 800! 500-ஐத் தாண்டவே விடக் கூடாதாம். பை அளவுக்கு மீறி உப்பினால் அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைந்து, கிருமிக்கு இடம் கொடுத்துவிடும். 1972-லேயே ஜாக் லாபிடெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இதைத்தான் சொன்னாராம். நான் சோப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்!

அப்புறம் பகலில் தண்ணீரைக் குறைக்காமல், இரவு ஏழு மணிக்கு மேல் மட்டும் குறைத்தேன். படுக்கும் முன் ஒரு தடவை, இரண்டு மணிக்கு அலாரம் வைத்து ஒரு தடவை.

இன்னொன்று. ஒழுக்கு நின்றதும் சட்டென்று உருவிவிடுவேன். இப்போது ஒரு சென்டிமீட்டர் இழுத்து நிறுத்துகிறேன், மறுபடி சொட்டும். நின்றதும் இன்னும் கொஞ்சம். இப்படியே 40 மில்லி வரை கூட வருகிறது.

எட்டு மாதத்தில் ஒரே ஒரு தொற்று. இரண்டு மணி அலாரத்தைத் திட்டுவது மட்டும் நிற்கவில்லை.