டவுன்லோடு போட்டது வைஃபையில், குறைந்தது சிம்மில்: ஓட்டையைத் தேடி அடைப்பது எப்படி?

"வைஃபையில்தானே போட்டேன், டேட்டா எப்படித் தீர்ந்தது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். டவுன்லோடு தொடங்கியது வைஃபையில்தான். நடுவில் போன் தானாக சிம்முக்குத் தாவியிருக்கும், கேட்காமலே. அந்தத் தாவலை நிறுத்துவதுதான் இந்தப் பதிவின் முக்கால்வாசி. ஆண்ட்ராய்டை வைத்தே எழுதியிருக்கிறேன். ஐபோனில் வேறுபடும் இடங்களைத் தனியே சொல்கிறேன்.

போனது எது என்று முதலில் பாருங்கள்

நாள் கோட்டா 1.5 ஜிபியோ 2 ஜிபியோ தீர்ந்து வேகம் விழுந்தது என்றால் கையிலிருந்து காசு போகவில்லை. பெரும்பாலான பேக்குகளில் கோட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ். விநாடிக்கு 8 கேபி. 1 எம்பி இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். எரிச்சல்தான், நஷ்டமில்லை.

பூஸ்டர் பேக் (நாள் கோட்டாவுக்கு மேல் தனியாகப் போடும் டேட்டா) கரைந்திருந்தால் அது நேரக் கோளாறு. பூஸ்டர் போட்டிருக்கும் சிம்மில் நாள் கோட்டா தீர்ந்த கையோடு பூஸ்டரிலிருந்து எடுக்கத் தொடங்கிவிடும். இரவு 11:30-க்கு ஒரு படத்தை டவுன்லோடு போட்டால் பூஸ்டர் காலி. 12 மணி தாண்டிப் போட்டால் புதுக் கோட்டாவில் போகும்.

மெயின் பேலன்ஸ் குறைந்திருந்தால்தான் உண்மையான செலவு. பேக் இல்லாத சிம்மில் டேட்டா ஓடியிருக்கும், அல்லது ஏதாவது சேவை ஆக்டிவேட் ஆகியிருக்கும். எம்பிக்கு 50 பைசா என்று வைத்தால் 1 ஜிபி 512 ரூபாய். 40 ரூபாய் பேலன்ஸ் 80 எம்பியில் முடிந்துவிடும். ஒரு கல்யாண வீடியோ போதும்.

ஏர்டெல் என்றால் \*121#, வி என்றால் \*199# அடித்துப் பேலன்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜியோவுக்கு மைஜியோ ஆப். 50, 90, 100 சதவீதத்தில் வரும் எஸ்எம்எஸ்களை அழிக்க வேண்டாம். எந்த நேரத்தில் டேட்டா பாய்ந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

எந்த ஆப், எந்த சிம்?

செட்டிங்ஸில் நெட்வொர்க் அல்லது கனெக்ஷன்ஸ் பகுதிக்குள் டேட்டா யூசேஜ் திறங்கள். ஆப் வாரியாகப் பட்டியல் வரும். இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல்; பலர் முதல் சிம்மை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பேக் இல்லாத இரண்டாவது சிம்மில் 30 எம்பி காட்டினாலும் அதுதான் உங்கள் ஓட்டை.

ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தில் காட்டும் கணக்கு தானாக மாதாமாதம் பூஜ்யம் ஆகாது. பக்கத்தின் கடைசியில் இருக்கும் ரீசெட் ஸ்டாட்டிஸ்டிக்ஸை ரீசார்ஜ் செய்த அன்று அழுத்துங்கள். இல்லாவிட்டால் போன் வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த கணக்கைப் பார்த்துப் பயப்பட நேரும்.

டேட்டாவை மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லும் தனி ஆப்கள் வேண்டாம். அவற்றில் பல விபிஎன் அனுமதி கேட்கும். அதாவது உங்கள் போனில் வந்துபோகும் இன்டர்நெட் டேட்டா மொத்தமும் முன்பின் தெரியாத ஒருவர் வழியாகப் போகும். ஆண்ட்ராய்டு 7 முதலே டேட்டா சேவர் போனுக்குள்ளேயே இருக்கிறது. அதுவே போதும்.

வைஃபையிலிருந்து சிம்முக்குத் தாவுவது

இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருப்பதால்தான் தேடுபவர்களுக்குக் கிடைப்பதில்லை. சாம்சங்கில் வைஃபை பக்கத்தின் மூன்று புள்ளியைத் தொட்டு, இன்டெலிஜென்ட் வைஃபைக்குள் போனால் 'ஸ்விட்ச் டு மொபைல் டேட்டா' இருக்கும். ஷாவ்மி போன்களில் வைஃபை அசிஸ்டென்ட். ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தின் அடியில் வைஃபை அசிஸ்ட். 2015-இல் ஐஓஎஸ் 9-உடன் வந்தது, வந்தபோதே ஆனாக இருந்தது. அதன் கீழேயே இதுவரை எவ்வளவு டேட்டா எடுத்தது என்றும் எழுதியிருக்கும். எதுவும் அகப்படவில்லையென்றால் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'ஸ்விட்ச்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள்.

ஆஃப் செய்தாயிற்றா? நம்பிவிட வேண்டாம், சோதியுங்கள்.

1. போனை வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவையும் ஆனில் வையுங்கள்.
2. ரௌட்டரின் கரன்ட்டைப் பிடுங்காதீர்கள். இன்டர்நெட் வரும் வயரை மட்டும் கழற்றுங்கள். ஃபைபர் மோடம் தனிப் பெட்டியாக இருந்தால் அதிலிருந்து ரௌட்டருக்கு வரும் லேன் வயரை எடுங்கள்; மெல்லிய ஃபைபர் வயரில் கை வைக்க வேண்டாம்.
3. ஒரு நிமிடத்துக்குள் வைஃபை குறியின் ஓரத்தில் ஆச்சரியக்குறி வரும்.
4. இப்போது பிரவுசரில் இதுவரை திறக்காத ஒரு பக்கத்தைத் திறங்கள்.

பக்கம் வரவில்லை என்றால் சரி. வந்தால் போன் சிம்முக்குத் தாவிவிட்டது. நடுவில் 'இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை, மொபைல் டேட்டாவுக்கு மாறவா?' என்ற மாதிரி ஒரு கேள்வி வரலாம். அதில் 'மறுபடி கேட்காதே' என்ற கட்டத்தை டிக் செய்து எப்போதோ ஆமாம் போட்டிருந்தால், அதற்குப் பிறகு கேள்வியே வராது. அப்படிச் செய்திருப்பவர்கள் நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்ய வேண்டும். அதில் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் போய்விடும், முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கரன்ட் போனால் கதை வேறு. ரௌட்டரே அணைந்துவிடுவதால் வைஃபை முழுவதும் போய்விடும். அப்போது சிம்முக்கு மாறுவதை மேலே சொன்ன எந்த செட்டிங்கும் தடுக்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் ரௌட்டர் அந்த லைனில் இல்லாத வீடுகள் நிறைய. ஆகவே பெரிய டவுன்லோடு போடும்போது மேலிருந்து பட்டையை இழுத்து மொபைல் டேட்டாவையே அணைத்துவிடுங்கள். கால் வரும், எஸ்எம்எஸ் வரும், ஓடிபி வரும். அழகில்லாத வழிதான், ஆனால் நூற்றுக்கு நூறு வேலை செய்யும்.

இரண்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு

பேங்க் ஓடிபிக்காக ஒரு பழைய சிம், டேட்டாவுக்கு ஒரு சிம் என்று வைத்திருப்பவர்களின் பேலன்ஸ்தான் அதிகம் கரைகிறது. டேட்டா சிம்மில் சிக்னல் விழுந்தாலோ, மற்ற சிம்மில் கால் பேசும்போதோ, டேட்டா அந்த சிம் வழியாகப் போக ஒரு அனுமதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் சிம் பகுதிக்குள் 'ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்' அல்லது அதுபோன்ற பெயர். ஐபோனில் 'அலவ் மொபைல் டேட்டா ஸ்விட்சிங்'. ஆஃப் செய்யுங்கள்.

இன்னொரு பூட்டு கம்பெனி பக்கத்தில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பழைய சிம்மிலிருந்து 1925-க்கு, ஆங்கிலத்தில் ஸ்டாப் என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண்ணில் டேட்டா வசதியே நின்றுவிடும். திரும்ப வேண்டுமானால் ஸ்டார்ட் என்று அனுப்பலாம். போன் எங்கே தாவினாலும் அங்கே கதவு சாத்தியிருக்கும்.

'வைஃபையில் மட்டும்' என்ற டிக் எதைக் காக்கும், எதைக் காக்காது

பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் நெட்வொர்க் ப்ரிஃபரன்சஸ் திறந்து ஆப் டவுன்லோடு, ஆட்டோ அப்டேட் இரண்டையும் 'வைஃபை மட்டும்' என்று வையுங்கள். வீடியோ ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதியில், மொபைல் டேட்டாவின்போது தானாக இறங்குபவை நான்கிலும் டிக்கை எடுங்கள். வாய்ஸ் மெசேஜ் மட்டும் எப்படியும் தானாக இறங்கும், அது சின்னது. யூடியூபில் டவுன்லோடு பகுதியில் வைஃபை மட்டும். கூகுள் போட்டோஸில் பேக்கப்புக்கான மொபைல் டேட்டாவைப் பூஜ்யம் ஆக்குங்கள். டவுன்லோடை மட்டும் பார்த்துவிட்டு அப்லோடை மறக்கிறோம், கோட்டாவில் இரண்டும் ஒரே கணக்கு.

இப்போது காக்காதவை. பிளே ஸ்டோரில் ஒரு கேம் 90 எம்பி என்று காட்டும். இறக்கித் திறந்ததும் 'கூடுதல் ஃபைல்கள்' என்று 1 ஜிபிக்கு மேல் கேட்கும். அதை இறக்குவது பிளே ஸ்டோர் அல்ல, கேமே. பிளே ஸ்டோரின் டிக் அதற்குப் பொருந்தாது. புது கேமை முதல்முறை திறப்பது வீட்டு வைஃபையில் இருக்கட்டும், பஸ்ஸில் வேண்டாம்.

அடுத்தது ஹாட்ஸ்பாட். இன்னொருவர் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்தால் உங்கள் போனுக்கு அதுவும் வைஃபைதான். 'வைஃபை மட்டும்' என்று காத்திருந்த அப்டேட்டெல்லாம் அவருடைய கோட்டாவில் இறங்கலாம். அந்த இணைப்பின் பல்சக்கரத்தைத் தொட்டு, நெட்வொர்க் யூசேஜில் 'மீட்டர்டு' (அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று வையுங்கள். விண்டோஸ் லேப்டாப் என்றால் இன்னும் அவசியம். வைஃபை ப்ராபர்ட்டீஸில் 'மீட்டர்டு கனெக்ஷன்' ஆன் செய்யாமல் ஹாட்ஸ்பாட் கொடுத்தால் விண்டோஸ் அப்டேட் ஒன்றே நாள் கோட்டாவை முடித்துவிடும்.

பாதியில் அறுந்த டவுன்லோடு

700 எம்பி ஃபைல் 600-இல் அறுந்து மறுபடி முதலிலிருந்து இறங்கினால் உங்கள் கணக்கில் 1300 எம்பி. அறுந்த இடத்திலிருந்து தொடர, ஃபைலைத் தரும் சர்வரும் ஒத்துழைக்க வேண்டும். யூடியூப், பிளே ஸ்டோர் தொடரும். பிரவுசரில் ஏதோ ஒரு தளத்தின் நேரடி லிங்க் என்றால் உத்தரவாதமில்லை, அதுவும் சிறிது நேரத்தில் காலாவதியாகும் லிங்க் என்றால் நிச்சயம் முதலிலிருந்துதான். ரயிலில் போகும்போது அப்படிப்பட்ட லிங்க்கைத் தொடாதீர்கள்.

சேவைக் கட்டணம்: டேட்டாவே ஓடாமல் காசு போவது

பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கும்போது திரையில் ஜோக்கோ ஜாதகமோ என்று ஒரு பெட்டி, அடியில் ஓகே. விரல் பட்டுவிடும். இது சிம்மிலிருந்து வருவது, ஆப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. சிம் டூல்கிட் என்ற ஆப்பைத் திறந்து, உங்கள் கம்பெனி பெயரில் இருக்கும் 'நவ்' அல்லது 'ஃபிளாஷ்' போன்ற பகுதிக்குள் போய் டீஆக்டிவேட் செய்யுங்கள்.

2013-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சேவைக்கு இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும். காசு போய்விட்டதென்றால் 24 மணி நேரத்துக்குள் 155223-க்கு அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குள் கேட்டால் பிடித்த பணத்தைத் திருப்ப வேண்டும். அழைப்பு இலவசம். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். பிளே ஸ்டோரில் பேமென்ட் முறைகளில் உங்கள் சிம் கம்பெனியின் பில்லிங் சேர்ந்திருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள், குழந்தைகள் கையில் போன் போகும் வீட்டில் கட்டாயம்.

பின்சேர்க்கை 1: 'அன்லிமிடெட் 5ஜி' இருந்தும் கோட்டா தீர்கிறதே என்று பலருக்குச் சந்தேகம். அன்லிமிடெட் 5ஜிக்கு மட்டும்தான். உள்ளறையில் 5ஜி விழுந்து 4ஜி வந்தால் அந்த நிமிடம் முதல் நாள் கோட்டாவில் போகும். டவுன்லோடு முடியும்வரை போனை ஜன்னலோரம் வைத்து, மேலே 5ஜி குறி நிற்கிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை 2: தனுஷ்கோடி போகிறவர்கள் டேட்டா ரோமிங் (வேறு கம்பெனி டவர் வழியாக டேட்டா ஓடுவது) ஆஃபில் இருக்கிறதா என்று ராமேஸ்வரத்திலேயே பார்த்துவிடுங்கள். முனையில் இலங்கை டவர் சிக்னல் பிடிப்பதுண்டு. 'நெட்வொர்க் தானாகத் தேர்ந்தெடு' என்பதை அணைத்து உங்கள் கம்பெனியையே கையால் தேர்ந்தெடுத்தால் இன்னும் பாதுகாப்பு. திரும்பியதும் அதைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.