கை நீவியதை வாய் கெடுக்கலாம்

தைப்பூசம் முடிந்த வாரத்தில், பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்கியவர்கள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் மசாஜ் நிலையங்களைத் தேடி வருவார்கள். இரண்டு நாளில் வலி பறந்துவிடும். நீவிவிட்டவரைப் பற்றி, "அவருக்குக் கைராசி" என்பார்கள். படியேறிய கால்வலி யாரும் தொடாவிட்டாலும் சில நாளில் இறங்கிவிடக்கூடியது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் ஓடி வருகிறோம், அதன்பின் அது குறையத்தான் செய்யும். மருந்துப்போலியால், அதாவது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை போன்றவற்றால், ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் தேறுவதாக 1955இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் எழுதினார். தானாகத் தணிந்ததையும் அவர் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார் என்று பின்வந்தோர் குறை கூறினர்.

இதைக் கேட்டதும் சிலர் மறுகோடிக்குப் போய், "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லிவிடுகிறார்கள். அதுவும் பிழைதான். கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் 1978இல் நடந்த ஆய்வில், மருந்துப்போலியால் தணிந்த வலி நலோக்சோன் கொடுத்ததும் கூடியது. அபினி வகை மருந்துகளை முடக்கும் மருந்து அது. ஆக, உடல் தானே சுரக்கும் வலிநிவாரணி அங்கே வேலை செய்திருக்கிறது. கைராசியில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்: மாத்திரைக்குச் சர்க்கரை உருண்டை கிடைக்கும், தொடாமல் தொட்டதாக நடிப்பது எப்படி?

எனக்குக் கோபம் வருவது கதை கட்டுபவர்கள் மீதுதான். "முதுகெலும்பு நகர்ந்திருக்கிறது, பத்து முறை வராவிட்டால் படுத்துவிடுவீர்கள்" என்று என் அக்காவிடம் ஒருவர் சொன்னார். இடுப்பு வலி போனது, பயம் போகவில்லை. ஆறு மாதம் அவர் கோலம் போடக்கூடக் குனியவில்லை. நம்பிக்கை வலியைத் தணிப்பது போலவே அச்சம் அதைக் கூட்டும். இதற்கு நோசிபோ என்று பெயர். ஸ்கேன் படத்தைக் காட்டி மிரட்டுவதும் இதே வகைதான். வலியே இல்லாத இருபது வயதினரிலும் 37 விழுக்காட்டினருக்கு முதுகுத் தட்டுகளில் தேய்மானம் தெரிவதாக 2015இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

"தசை இறுகியிருக்கிறது, நீவினால் இளகும், நாளை கொஞ்சம் நடந்து பாருங்கள்" என்றால் போதுமே! பொய் தேவைப்படுவதே இல்லை. நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களிடம் "இது மருந்துப்போலிதான்" என்று சொல்லியே மாத்திரை கொடுத்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. லிஸ்பனில் நடந்தது. வழக்கமான சிகிச்சையோடு அதையும் எடுத்தவர்களுக்கு மூன்று வாரத்தில் வலி கூடுதலாகக் குறைந்தது.

ஆனால் நம்பிக்கை வலியைத்தான் தொடும், நோயைத் தொடாது. இடுப்பு வலியோடு சிறுநீர் அடங்காமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ மசாஜ் மேசையில் படுக்காதீர்கள். நெடுந்தூரப் பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுட்டால், தைலக் குப்பியைத் திறக்கவே வேண்டாம். இரத்தக்கட்டியாக இருக்கலாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.