ஜீனோமில் இயற்கைத் தேர்வின் தடம்: எங்கே தவறுகிறோம்?

ஒரு மக்கள்தொகையின் ஜீனோமை (முழு டிஎன்ஏ தொகுப்பை) அலசி, தேர்வைத் தேடும் சோதனையின் மதிப்பில் முதல் 1 சதவீதத்தில் வரும் பகுதிகளைப் பட்டியலிட்டு, இவையெல்லாம் இயற்கைத் தேர்வுக்கு உள்ளானவை என்று எழுதிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தேர்வே நடக்காத ஜீனோமிலும் முதல் 1 சதவீதம் இருக்கத்தான் செய்யும். அந்த மக்கள் பெருகியது, சுருங்கியது, கலந்தது எல்லாவற்றையும் வைத்து எம்எஸ்பிரைம் அல்லது ஸ்லிம் என்ற மென்பொருள் கொண்டு சிமுலேஷன் ஓட்டிப் பாருங்கள். தேர்வு இல்லாமலே அதே அளவு மதிப்பு அடிக்கடி வந்தால் பட்டியலுக்கு அர்த்தமில்லை.

ஃபாக்ஸ்பி2 மரபணுவில் நடந்ததைப் பாருங்கள். 2002-இல் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 20 பேரிடம் அதன் ஒரு பகுதியை வரிசைப்படுத்தினார்கள். அரிய மாறுபாடுகளும் பரவலானவையும் எந்த அளவில் கலந்துள்ளன என்று காட்டும் டஜீமா டி மதிப்பு பெரிய எதிர்மறை எண்ணாக வந்தது. பேச்சோடு தொடர்புள்ள மரபணு என்பதால், மனிதரில் அண்மையில் தேர்வு நடந்திருக்கிறது என்ற முடிவு வேகமாகப் பரவியது. 2018-இல் பல மக்கள்தொகைகளின் முழு ஜீனோம்களில் சோதித்தபோது அந்தத் தடம் இல்லை. பழைய முடிவுக்குக் காரணம் மாதிரி சேர்க்கப்பட்ட விதம்தான் என்று தெரிந்தது. டி எதிர்மறையாக இருந்தால் அரிய மாறுபாடுகள் மிகுதி என்று மட்டுமே சொல்ல முடியும். மக்கள்தொகை வேகமாகப் பெருகினாலும் அப்படித்தான் வரும். எனவே வெவ்வேறு மக்களை ஒரே கூட்டமாகக் கலக்காமல் தனித்தனியே கணக்கிடுங்கள். மதிப்பை அதே ஜீனோமின் மற்ற பகுதிகளோடு ஒப்பிடுங்கள்.

ஹேப்ளோடைப், அதாவது சேர்ந்தே கடத்தப்படும் டிஎன்ஏ துண்டு, அண்மையில் தேர்வு நடந்த இடத்தில் வழக்கத்தைவிட நீளமாக இருக்கும். அந்த நீளத்தை ஓர் இடத்தின் இரு அல்லீல்களுக்கு (மாற்று வடிவங்களுக்கு) இடையே ஒப்பிடும் ஐஹெச்எஸ் சோதனையில் சறுக்கும் இடங்கள் இன்னும் அதிகம். முதலில் நெருங்கிய உறவினர்களை நீக்க வேண்டும். தெற்காசியத் தரவில் அதோடு வேலை முடியாது. 2017-இல் வெளிவந்த ஆய்வில், 263 தெற்காசியக் குழுக்களில் 81-இன் நிறுவனர் விளைவு (சில மூதாதையரிடமிருந்தே குழு பெருகியதன் தடம்) ஃபின்லாந்து மக்களுடையதைவிட வலுவாக இருந்தது. அகமணத்தால் இத்தகைய குழுக்களில் ஜீனோம் முழுவதுமே நீண்ட ஹேப்ளோடைப்புகள் இருக்கும். ஐரோப்பியத் தரவில் வகுத்த வெட்டுப்புள்ளியை இங்கே அப்படியே போடக்கூடாது.

அடுத்து மூதாதை அல்லீல், அதாவது ஓர் இடத்தில் முதலில் இருந்த வடிவம். சிம்பன்சியை மட்டும் பார்த்து அதை முடிவு செய்தால், பிறழ்வு வேகமாக நடக்கும் சிபிஜி இடங்களில் (சி எழுத்தை அடுத்து ஜி வரும் இடங்களில்) பிழை குவியும், ஐஹெச்எஸ் குறி தலைகீழாகும். பல குரங்கினங்களின் ஒப்பீட்டிலிருந்து எடுங்கள். சந்தேகமான இடங்களை விட்டுவிடுங்கள். மறுசேர்க்கை வரைபடம் (குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும் வீதத்தைக் காட்டுவது) ஹெச்ஜி19-இலும் தரவு ஹெச்ஜி38-இலும் (மனித ஜீனோமின் பழைய, புதிய மேற்கோள் பதிப்புகள்) இருந்தால் நிரல் பிழை காட்டாமலே ஓடி முடியும், விடை மட்டும் தப்பாக இருக்கும். வரைபடத்தை மாற்றிய பின் சென்டிமார்கன் (மறுசேர்க்கைத் தூர அலகு) மதிப்புகள் வரிசையாக ஏறுகின்றனவா என்று பார்த்து, பின்னோக்கிப் போகும் புள்ளிகளை நீக்குங்கள். 5 சதவீதத்துக்குக் குறைவான அதிர்வெண் உள்ள அல்லீல்களைத் தவிர்த்து, மீதியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து இயல்பாக்குங்கள். இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் அரிய அல்லீல்களின் இயல்பான நீளமே தேர்வு போலத் தோன்றும்.

ஐஹெச்எஸ் ஒன்றும் காட்டவில்லை என்பதால் தேர்வு இல்லை என்றும் சொல்லக்கூடாது. தோல் நிறத்தோடு தொடர்புள்ள எஸ்எல்சி24ஏ5 மரபணுவின் ஓர் அல்லீல் ஐரோப்பாவில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது. ஒப்பிட மாற்று அல்லீலே இல்லாத இடத்தில் ஐஹெச்எஸ் பயன்படாது. இரு மக்கள்தொகைகளை ஒப்பிடும் எக்ஸ்பி-ஈஹெச்ஹெச் சோதனை வேண்டும்.

தடம் உறுதியான பிறகும் மரபணுவின் பெயரை அவசரப்பட்டு எழுத வேண்டாம். பெரியவர்களானபின்னும் பால் செரிக்க உதவும் ஐரோப்பிய மாறுபாடு லாக்டேஸ் மரபணுவுக்குள் இல்லை. சுமார் 14,000 டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி, பக்கத்திலுள்ள எம்சிஎம்6 மரபணுவின் இன்ட்ரானில் (புரதமாக மாறாத பகுதியில்) இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் அதே பண்புக்கு வேறு மாறுபாடுகள் காரணம். உச்சப் புள்ளி விழுந்த மரபணுவையே குற்றவாளியாக்கியிருந்தால் இங்கே ஏமாந்திருப்போம்.

இனங்களுக்கு இடையே டிஎன்/டிஎஸ் (புரதத்தை மாற்றும் பிறழ்வு வீதத்துக்கும் மாற்றாத பிறழ்வு வீதத்துக்கும் உள்ள விகிதம்; ஒன்றைத் தாண்டினால் தேர்வின் அறிகுறி) கணக்கிடும்போது பெரிய எதிரி வரிசைப் பொருத்தப் பிழை. ஒன்றைவிட மிகப் பெரிய மதிப்பு வந்தால், அந்தக் கோடான்களை (மூன்றெழுத்துக் குறியீடுகளை) முதலில் கண்ணால் பாருங்கள். மாற்றங்கள் பெரும்பாலும் ஏ, டியிலிருந்து ஜி, சிக்குப் போயிருந்தால், தேர்வே இல்லாமல் மறுசேர்க்கையின்போது ஜி, சி எழுத்துகளையே அதிகம் தக்கவைக்கும், ஜிசி பக்கம் சாய்ந்த மரபணு மாற்றீட்டின் வேலையாகவும் இருக்கலாம்.

உயரம் போன்ற பல மரபணுப் பண்புகளில் இன்னும் கவனம் தேவை. வட ஐரோப்பியர் உயரத்துக்காகத் தேர்வு பெற்றார்கள் என்ற வலுவான முடிவு, 2019-இல் யுகே பயோபேங்க் என்ற பிரிட்டிஷ் மரபணுத் தரவுத்தொகுப்பில் மறுபடி சோதித்தபோது பெருமளவு கரைந்துவிட்டது. ஒவ்வொரு மாறுபாடும் உயரத்தை எவ்வளவு மாற்றுகிறது என்ற முந்தைய விளைவு மதிப்புகளில் மக்கள் அமைப்பு வேறுபாடு முழுதாகத் திருத்தப்படாமல் கலந்திருந்தது. ஆயிரக்கணக்கான இடங்களில் அந்தச் சிறு பிழை ஒரே திசையில் சேர்ந்து பெரிய தடமாகத் தெரிந்தது. உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டு எடுத்த விளைவு மதிப்புகள் கிடைத்தால் அவற்றை வைத்தும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டே முடிவை எழுதுங்கள்.