டிரோலிங் மோட்டாரில் டிரான்ஸ்டியூசர்: கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்து ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி சோனார். அந்த ஒலியை அனுப்பித் திரும்பக் கேட்கும் பகுதிதான் டிரான்ஸ்டியூசர். மீன்பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்த, பெரும்பாலும் படகின் முன்பக்கம் மாட்டும் சின்ன மின்மோட்டார் டிரோலிங் மோட்டார். படகின் பின்பலகையில் திருகாணி போட்டு முடுக்கிய டிரான்ஸ்டியூசர், போட்ட இடத்திலேயே கிடக்கும். டிரோலிங் மோட்டாரில் கட்டியது அப்படியில்லை. மோட்டார் திரும்பும்போதெல்லாம் அதுவும் திரும்பும். மோட்டாரை மடக்கி மேலே ஏற்றினால் அதுவும் கூடவே ஏறும். அடியில் பாறை இருந்தால் முதல் அடி பெரும்பாலும் அதற்குத்தான். போதாக்குறைக்கு, படகிலேயே மின் இரைச்சல் அதிகமுள்ள பொருளின் வயிற்றில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் மறந்துவிட்டுப் பின்பலகையில் மாட்டுவது போலவே மாட்டுவதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது.

அப்படியானால் எதற்கு அங்கே போய்க் கட்ட வேண்டும்? தூண்டில் போடுகிறவர் நிற்பது அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில். பின்பலகையில் உள்ள சோனார் காட்டுவது நாலைந்து மீட்டர் பின்னால் இருக்கும் தரையை. சாதாரண 200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசரின் ஒலிக்கூம்பு சுமார் 20 பாகை அகலம் என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டர் ஆழத்தில் அது பார்க்கும் வட்டத்தின் விட்டம் 2 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். காலடியில் என்ன இருக்கிறது என்று பின்பக்கத்துக் கருவிக்குத் தெரியவே தெரியாது. ஆகவே கட்டத்தான் வேண்டும். சரியாகக் கட்ட வேண்டும்.

முடுக்கும் கை

பெரும்பாலும் இதற்கு வருவது உள்ளங்கையில் அடங்குகிற வட்ட வில்லை ஒன்று. மோட்டார் உருளையின் அடியில் வைத்து, துருப்பிடிக்காத எஃகு ஹோஸ் கிளாம்ப் (திருகி இறுக்கும் பட்டை வளையம்) ஒன்றைச் சுற்றி முடுக்கினால் வேலை முடிந்தது. எளிமையான வேலைதான். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, கழன்று விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ஸ்குரூடிரைவரை இரண்டு கையாலும் பிடித்து முடுக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கூட்டில் முடி அளவு விரிசல். அதற்குப் பிறகும் சில நாள் வேலை செய்தது. பிறகு உள்ளே தண்ணீர் இறங்கி ஆழம் தாறுமாறாகக் காட்ட ஆரம்பித்தது. உள்ளே இருப்பது மின்துடிப்பை ஒலியாகவும் திரும்பி வரும் ஒலியை மின்துடிப்பாகவும் மாற்றுகிற பீங்கான் வில்லை. பீங்கானுக்கு நெருக்கடி ஆகாது.

கையால் அசைத்தால் நகரக் கூடாது. அந்த அளவு முடுக்கினால் போதும். டிரான்ஸ்டியூசருக்கும் மோட்டாருக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்று வைப்பது நல்லது. வழுக்காது, அதிர்வும் கொஞ்சம் குறையும், உப்புத்தண்ணீரில் எஃகுக் கிளாம்ப்பும் அலுமினிய உருளையும் நேரடியாக உரசி அரித்துக்கொள்வதும் குறையும். மோட்டாரில் துத்தநாகத் துண்டு இருந்தால் அதைக் கிளாம்ப்பால் மூடிவிடாதீர்கள். அரிப்பைத் தான் வாங்கிக்கொள்வதற்காகவே அது அங்கே இருக்கிறது. கிளாம்ப் போதவில்லை என்று உருளையில் துளை போட நினைப்பவர்களும் உண்டு. அது தண்ணீர் புகாமல் அடைத்த பெட்டி. துளை போட்டால் மோட்டாரும் போய்விடும், வாரண்டியும் போய்விடும்.

கிளாம்ப்பின் திருகுத்தலையைப் பக்கவாட்டில் வையுங்கள். அடியில் வைத்தால் தரையில் உரசும். முடுக்கியபின் நீண்டுகொண்டிருக்கும் வாலை வெட்டி மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் பாசி அதில்தான் வந்து சுற்றும். சில மோட்டார்களில் ஸ்கெக் என்கிற அடித்துடுப்பு இருக்கும். வில்லை அதற்கு முன்னால், அதன் அடிவிளிம்பைவிடத் தாழாமல் அமர்ந்தால், தரை தட்டும்போது பல நேரம் அடி துடுப்புக்குப் போகும். மோட்டாரின் விசிறிக்கு (புரொபெல்லர்) பின்னால் எதையும் வைக்க வேண்டாம். ஒலி காற்றுக்குமிழிகளைத் தாண்டிப் போகாது. விசிறி கலக்கிய நுரைநீரில் திரை வெறும் பனிமூட்டமாகத்தான் இருக்கும்.

சாய்வு

கரையில் படகு டிரெய்லர் மேல் நிற்கும்போது பார்த்து மட்டம் வைப்பது இன்னொரு தவறு. டிரெய்லர் சாய்ந்திருக்கலாம், மோட்டார் தண்ணீரில் இறங்கியபின் அதன் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. பின்பக்கம் மாட்டும் மோட்டார்களில் தண்டின் சாய்வைப் பல நிலைகளில் மாற்றலாம் என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும். 10 பாகை சாய்ந்தால் 10 மீட்டர் ஆழத்தில் ஒலிக்கூம்பின் நடு கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மீட்டர் தள்ளிப் போய்விடும். அதாவது 20 பாகைக் கூம்பில், உங்களுக்கு நேர் கீழே இருப்பது விளிம்புக்குப் போய்விட்டது. திரையில் மீன் முழு வளைவாகத் தெரியாமல் பாதி வளைவாகவே தெரிகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். படகு தண்ணீரில், ஆட்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது சரிபாருங்கள்.

கேபிள்: பாதிப் பேர் தோற்கும் இடம்

டிரான்ஸ்டியூசர் கெடுவதைவிடக் கேபிள் கெடுவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். காரணம் எப்போதும் ஒன்றுதான்: அழகாகத் தெரியட்டும் என்று இழுத்துக் கட்டிவிடுவது.

மோட்டார் ஒருபக்கம் முழுவதும் திரும்புகிறது, பிறகு மறுபக்கம். அணியத்து மோட்டாரை மடக்கும்போது தண்டு படகின்மேல் படுத்துவிடுகிறது. ஆழம் குறைவான இடத்தில் தண்டை மேலே இழுத்து வைக்கிறோம். இந்த மூன்று அசைவுக்கும் கேபிள் இடம் தர வேண்டும். வில்லையிலிருந்து உருளை தண்டோடு சேரும் இடம்வரை தொங்கல் இல்லாமல் ஒட்டிக் கட்டலாம். அங்கே தொங்கினால் விசிறி பிடித்துக்கொள்ளும். ஆனால் தண்டு மோட்டாரின் தாங்கிக்குள் நுழையும் இடத்தில் ஒரு தாராளமான வளையம் விட வேண்டும். தண்டு தாங்கிக்குள் மேலும் கீழும் வழுக்குகிற பகுதியில் கேபிள் டை போட்டால், தண்டை உயர்த்துகிற முதல் நாளே அது மாட்டிக்கொண்டு கேபிளைப் பிய்க்கும். தாராளம் என்று சொன்னேனே தவிர, தூண்டில் நரம்பும் காலும் மாட்டும் அளவுக்கு அல்ல. சுருள் தொலைபேசிக் கம்பி போல நீண்டு சுருங்கும் உறைகள் கிடைக்கின்றன. இந்த இடத்துக்கு அவை பொருத்தம்.

கட்டி முடித்ததும் படகு கரையில் இருக்கும்போதே ஒத்திகை பாருங்கள். மெதுவாக மடக்குங்கள், இறக்குங்கள், இடப்பக்கம் முழுவதும் திருப்புங்கள், வலப்பக்கம் முழுவதும் திருப்புங்கள், தண்டை மேலே ஏற்றுங்கள், இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, தாங்கியின் கீலில் கேபிள் நசுங்குகிறதா? இன்னொன்று, உருளை வந்து உட்காரும் தொட்டிலில் வில்லை இடிக்கிறதா? இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. வெறும் உருளைக்குச் செய்த தொட்டில் அது. அடியில் ஒரு வில்லை கூடுதலாக இருப்பது அதற்குத் தெரியாது. இடித்தால் வில்லையைக் கொஞ்சம் முன்னே நகர்த்துங்கள். பொத்தானை அழுத்தினால் தானே இறங்கி ஏறும் மோட்டார் என்றால் தயாரிப்பாளரின் வழிமுறையில் சொன்ன இடத்தில் மட்டும் கட்டுங்கள். கையால் மடக்குகிறவருக்குக் கேபிள் சிக்குவது கையில் தெரியும். அந்த இயந்திரத்துக்குத் தெரியாது, இழுத்துக்கொண்டே இருக்கும். மின்விசையால் திரும்பும் மோட்டார்களில் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் கேபிள் தண்டில் முறுக்கிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவ்வப்போது ஒரு பார்வை பார்த்து எதிர்த்திசையில் அவிழ்த்துவிட வேண்டும்.

கேபிள் டை கறுப்பாக, வெயில் தாங்கும் வகையாக இருக்கட்டும். வெள்ளை நிறத்தில் வருபவை பெரும்பாலும் வெயிலில் காய்ந்து நொறுங்கும். நுனியை ஒட்ட நறுக்குங்கள், அந்தக் கூர்முனை கையைக் கிழிக்கும்.

மீந்த கேபிளை வெட்டிச் சுருக்கவே கூடாது. அது சாதாரண வயர் அல்ல. உள்ளே மெல்லிய கம்பிகளைச் சுற்றி ஒரு கவசப் பின்னல் இருக்கிறது. வெட்டி ஒட்டிய இடத்தில் அந்தக் கவசம் ஓட்டையாகி இரைச்சலுக்கு வாசல் திறந்துவிடும். மிச்சத்தை 8 என்ற எழுத்து வடிவில் தளர்வாக மடித்து, மின்கம்பிகள் இல்லாத மூலையில் வையுங்கள்.

இரைச்சல்

இனி இரண்டாவது சங்கதி. டிரோலிங் மோட்டாரைத் தொட்டதும் திரையில் நெடுக்குக்கோடுகளும் புள்ளிமழையும் வந்தால், சோனார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேகத்தைத் தொடர்ச்சியாக மாற்றக்கூடிய மோட்டார்களில், மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுத்துத்தான் வேகத்தைக் குறைக்கிறார்கள். ஒவ்வொரு வெட்டும் ஒரு சின்ன மின்காந்தச் சத்தம். டிரான்ஸ்டியூசர் கேட்கக் காத்திருப்பதோ ஏரியின் அடியிலிருந்து வரும் மிக மெல்லிய எதிரொலியை.

யார் குற்றவாளி என்று கண்டுபிடிப்பது எளிது. மோட்டாரை முழுவதும் நிறுத்துங்கள். கோடுகள் மறைந்தால் மோட்டார்தான். பிறகு வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். நடுவேகத்தில் கோடுகள் மிகுந்து, முழுவேகத்தில் குறைந்தால் வேகக் கட்டுப்பாட்டுச் சுற்றின் வேலை அது. முழுவேகத்தில் வெட்டுவது நின்று மின்சாரம் நேராகப் போகும். மோட்டாரை நிறுத்தியும் கோடுகள் போகவில்லையென்றால் பின்பலகைச் சோனாரை அணைத்துப் பாருங்கள். இரண்டு டிரான்ஸ்டியூசரும் ஒரே 200 கிலோஹெர்ட்ஸில் ஒலித்தால் ஒன்றின் ஒலியை மற்றொன்று தன் எதிரொலி என்று நம்பிவிடும். ஒன்றின் அலைவெண்ணை மாற்றுங்கள், அல்லது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள்.

மோட்டார் இரைச்சலுக்கு உருப்படியான மருந்து தனி பேட்டரி. சோனாருக்கென்று சின்னதாக ஒரு 12 வோல்ட் பேட்டரி. மோட்டாரோடு எந்தக் கம்பியும் பகிரக் கூடாது. அடுத்து கேபிள் போகும் பாதை: டிரான்ஸ்டியூசர் கேபிளையும் மோட்டாரின் தடித்த மின்கம்பிகளையும் ஒரே கட்டாகக் கட்டுவது வாயில்காரனே திருடனைக் கூப்பிட்டு உட்கார வைப்பது போல. விலக்கிக் கொண்டுபோங்கள், குறுக்கே கடந்தாக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும் என்று கேபிளைத் தண்டின் உள்ளே, மின்கம்பியோடு ஒட்டி இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கென்றே கவசத்தோடு தொழிற்சாலையில் பொருத்தி வரும் மோட்டார்கள் வேறு. நாமாகச் செய்வது வேறு. இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் இரைச்சல் மிச்சமிருந்தால் சோனாரின் மின்கம்பியில், இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டிப் பாருங்கள். முதல் வேலையாக அதை வாங்கி மாட்டிவிட்டு அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

பேட்டரி விஷயத்தில் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. மோட்டார் 24 வோல்ட் என்றால் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். அதன் இரு கோடியில் சோனாரை இணைத்தால் 24 வோல்ட் பாயும். அதைத் தாங்காத கருவிகள் நிறைய உண்டு, ஒரே நொடியில் போய்விடும். சரி, இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கலாமே என்று தோன்றும். அப்போதும் ஒரு பேட்டரி மட்டும் அதிகமாக வடியும், இரைச்சலும் வரும். மேல்பக்கத்துப் பேட்டரியிலிருந்து, அதாவது தொடரின் நேர்முனைக் கோடியில் இருப்பதிலிருந்து, எடுத்தால் இன்னும் மோசம்: அதன் எதிர்முனை உண்மையில் 12 வோல்ட் உயரத்தில் இருக்கிறது. அந்தச் சோனார் படகின் வேறு கருவியோடு கேபிள் வழியாக இணைந்திருந்தால் அங்கே குறுக்குச்சுற்று ஆகும். எந்தப் பேட்டரியில் இணைத்தாலும் வழிமுறையில் சொன்ன அளவு ஃபியூஸ் போடாமல் இணைக்காதீர்கள்.

திரையில் செய்ய மறப்பவை

மாட்டிய டிரான்ஸ்டியூசரின் வகையை மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டும். வில்லை நீர்மட்டத்துக்குக் கீழே அரை மீட்டரில் இருந்தால் ஆழமும் அரை மீட்டர் குறைவாகவே காட்டும். அதைக் கூட்டிச் சொல்லும்படி அமைக்கலாம். ஜிபிஎஸ் ஏற்பி பின்பக்கமும் டிரான்ஸ்டியூசர் அணியத்திலும் இருந்தால், நீங்கள் குறித்து வைக்கும் புள்ளி படகின் நீளத்துக்குத் தள்ளி விழும். 2 மீட்டர் வட்டத்தில் பார்த்த மரக்கட்டையை 5 மீட்டர் தள்ளிக் குறித்தால் அடுத்த வாரம் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

பக்கவாட்டுப் படம் காட்டும் டிரான்ஸ்டியூசரை இங்கே மாட்டுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். படகு நேர்க்கோட்டில் போனால்தான் அந்தப் படம் சரியாக வரும். மோட்டாரோ நிமிடத்துக்கு நாலு முறை தலையைத் திருப்புகிறது. படம் விசிறி போல இழுபடும். முன்னால் இருப்பதை நேரலையாகக் காட்டும் வகைக்கு வேறொரு தொல்லை. மீனை நோக்கி வைத்திருக்கும்போது, காற்றை எதிர்த்துப் படகை ஓரிடத்தில் நிறுத்த மோட்டார் தானாகத் திரும்பினால் பார்வையும் கூடவே திரும்பிவிடும். அதற்குத் தனிக் கம்பத்தில் மாட்டுவதே மேல்.

புது டிரான்ஸ்டியூசர் முதல் முறை தண்ணீரில் இறங்கியதும் ஒன்றும் காட்டாமல் விழித்தால் முகத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கலாம். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு தடவித் துடைத்து இறக்குங்கள். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எதுவும் அதன்மேல் படக்கூடாது, பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

முதல் நாள் ஓட்டி முடித்துக் கரையேறியதும் கிளாம்ப்பை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். உள்ளே வைத்த ரப்பர் அமுங்கியிருக்கும். கால் சுற்று முடுக்க இடம் இருக்கும். கால் சுற்றுதான்.