தொண்டியிலிருந்து கொடைக்கானலுக்குக் கேரவனில்: சமவெளியிலேயே செய்துவிடும் தவறுகள்

தொண்டியில் விடியல், இருட்டுவதற்குள் கொடைக்கானல். கேரவன் வைத்திருக்கிற எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கிற கணக்கு இது. தேவகோட்டை, காரைக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், செம்பட்டி, வத்தலக்குண்டு என்று சுமார் 250 கிலோமீட்டர். முடியும். ஆனால் மலையில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் அதற்கான தவறைச் செட்டிநாட்டுச் சமவெளியிலேயே செய்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்றால் தனிப் பெருமை. சொந்தக்காரர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால், "டேங்கை ரொப்பிக்கிட்டுப் போங்க" என்பார்கள். நாமும் ரொப்பிக்கொள்வோம். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. மூன்று பெரிய ஆட்களைக் கூடுதலாக ஏற்றிய மாதிரி. அதுவும் ஓர் இடத்தில் அடங்கி உட்காராத ஆட்கள். டேங்க் பாதியானதும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியை இழுக்கும். கால் டேங்க் போதும். குடிக்க ஒரு 20 லிட்டர் கேனைத் தரையோடு இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை இருக்கிறது, கேன் இருந்தால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

வண்டியை லேசாக்க வேண்டுமே என்று, பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊருணிக் கரையில் திறந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிக் குடிதண்ணீர் எடுக்கிற ஊருணிகள் இன்னும் இங்கே உண்டு. வெளியூர்க்காரருக்கு அது வெறும் குளமாகத் தெரியலாம். கழிவறைத் தொட்டியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது உயரம். செட்டிநாட்டு மாளிகை வீடுகளுள்ள கானாடுகாத்தான், ஆத்தங்குடி பார்க்கப் போகிறவர்கள் தெரு அகலமாக இருக்கிறதே என்று தைரியமாக நுழைகிறார்கள். தலைக்கு மேலேதான் வினை: கேபிள் வயர், மரக்கிளை, ஊர் வளைவு, ரயில் பாதைக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதை. கூரையிலுள்ள ஏசி, சோலார் பேனல் எல்லாம் சேர்த்து அளந்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். என் பேனலில் ஒருமுறை வயர் மாட்டி, ஒரு தெருவுக்கே டிவி நின்றுபோனது. வெளியே வந்த ஆச்சி திட்டவில்லை. "வீட்டையே தூக்கிக்கிட்டு எங்கப்பா போறீக?" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

மதியச் சாப்பாடு இன்னொரு கண்ணி. சுக்கா, நண்டு, எண்ணெய் மிதக்கும் குழம்பு என்று ஒரு கட்டுக் கட்டிவிட்டு மலையேறினால் பின்சீட்டில் இருப்பவர்களின் கதியை யோசியுங்கள். போகும்போது தயிர் சாதம். விருந்து திரும்பி வரும்போது.

தைப்பூசத்தை ஒட்டிய நாட்கள் என்றால் வேறு கணக்கு. நகரத்தார் காவடிகளோடு பழனிக்கு நடப்பவர்கள் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகத்தான் போகிறார்கள். விடியலுக்கு முன்பே சாலையோரம் முழுக்க மனிதர்கள். பக்கவாட்டுக் கண்ணாடி நீட்டிக்கொண்டிருக்கும் அகலமான வண்டியோடு அந்த இருட்டில் போகவே கூடாது.

வத்தலக்குண்டை மதியம் இரண்டு மணிக்குள் தாண்டிவிடுங்கள். கொடைக்கானலுக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸை ஆன்லைனில் முந்தின நாளே எடுத்திருக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம். காட்ரோடு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் சூட்டு முள்ளைப் பாருங்கள். முள் ஏறினால் ஏசியை அணைத்துவிட்டு, டம் டம் பாறையில் நிறுத்தி, எதிரே விழும் தலையார் அருவியைப் பாருங்கள். வண்டி ஆறட்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். பின்னால் பேருந்து வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், அதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று விதி இருக்கிறது. ஆனால் எதிரே இறங்கி வருகிறவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நம்பி வளைவில் நுழையாதீர்கள். மறுநாள் இறங்கும்போது, எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, பாதி மலையில் பிடிக்காமல் போகும்.

மேலே ஏறிய பிறகு சமையல். நூறு மீட்டர்கூட உயரமில்லாத காரைக்குடியில் பானையில் வேகிற அரிசி, 2,100 மீட்டரில் பல்லில் நறநறக்கும். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் வேண்டும். கீழே இறுக்கி மூடிய ஊறுகாய் ஜாடியைத் துணி சுற்றித் திறங்கள், காற்றழுத்தம் குறைந்திருப்பதால் எண்ணெய் பொங்கி வரும்.

குளிர் தாங்கவில்லை என்று எல்லா ஜன்னலையும் அடைத்துக்கொண்டு அடுப்பை எரியவிட்டோ, கரி மூட்டியோ தூங்குவதுதான் இந்தப் பயணத்தின் மிகக் கொடிய தவறு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அடுப்பை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்துவையுங்கள். போர்வையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ஆளுக்கு இரண்டாக எடுத்துப் போங்கள்.