பனிக்காலத்தில் காருக்கு எந்த வக்ஸ்?

ரொறன்ரோவில் நவம்பரில் பனி உருக ரோட்டுக்கு உப்புப் போடுகிற வண்டி ஓடத் தொடங்கினால் ஏப்ரல் வரை விடாது. ஆனாலும் வக்ஸ் வாங்கப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்த்துத்தான் போத்தலை எடுக்கிறார்கள். ஜனவரியில் அந்தப் பளபளப்பை யார் பார்க்கப் போகிறார்கள்? கழுவின அடுத்த நாளே கார் உப்புப் பூத்து வெள்ளையாகிவிடும். நான் கேட்பது ஒன்றுதான்: உப்புத் தண்ணிக்கும் கார் வொஷ்ஷில் அடிக்கிற காரமான சோப்புக்கும் எத்தனை மாதம் நின்று பிடிக்கும்?

அப்படிக் கேட்டால் வெறும் கர்னோபா வக்ஸ் முதலிலேயே கழன்றுவிடும். பிரேசிலில் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகு அது. கறுப்புக் காரில் பூசினால் அள்ளிக்கொண்டு போகும், உண்மைதான். ஆனால் இந்தக் குளிரில் ஆறு, எட்டுக் கிழமை நின்றாலே பெரிய காரியம். செயற்கைப் பொலிமரில் செய்த சீலன்ற் என்றால் நாலைந்து மாதம் எதிர்பார்க்கலாம். செராமிக் ஸ்பிரே பூச மிகச் சுலபம். ஆனால் போத்தலில் ஒரு வருடம் என்று போட்டிருந்தால் நான் பாதியைத்தான் நம்புவேன். 'கிளீனர் வக்ஸ்' என்று எழுதியிருந்தால் அதில் பெயின்ரைத் தேய்க்கிற துகள் இருக்கும். மங்கின பழைய காருக்கு அது சரி, பனிக்காலக் காவலுக்கு வேண்டாம்.

என் தெரிவு கொலினைட் 845. கர்னோபாவும் பொலிமரும் கலந்தது. பெரிய மினுக்கம் இல்லை, ஆனால் உப்புக்கு அசையாது. குளிரில் போத்தலுக்குள் தடித்துவிடும். கொஞ்ச நேரம் சுடுதண்ணியில் வைத்து நன்றாகக் குலுக்குங்கள். பூசும்போது கஞ்சத்தனம் வேண்டும். ஒரு கதவுக்கு நாலைந்து துளி போதும், பூசியது மட்டுமட்டாகத் தெரிந்தால் சரி. தடிப்பாகப் பூசினால் துடைக்கிறதுக்குள் தோள்மூட்டு கழன்றுவிடும். காய்ந்ததா என்று பார்க்க விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் மைக்ரோஃபைபர் துணியை எடுக்கலாம், இழுபட்டால் இன்னும் பொறுங்கள். அடுத்த நாள் இரண்டாவது பூச்சு.

இதெல்லாம் 10 பாகைக்கு மேலே, நிழலில் செய்கிற வேலை. ஆகவே ஒக்டோபரிலேயே முடித்துவிடுங்கள். முதலில் நன்றாகக் கழுவி, பெயின்ரில் ஒட்டின அழுக்கை எடுக்கிற களிமண் கட்டியை ('கிளே பார்') போட்டு உருவவேண்டும். கல் பட்டுப் பெயின்ற் போன இடங்களுக்கு ரச்-அப் பெயின்ற் வையுங்கள், வக்ஸ் அதை மூடாது.

பொனற்றை மினுக்கிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். உப்பு அடிக்கிறது கீழே: கதவின் அடிப்பாகம், சில்லுக்குப் பின்பக்கம், பின் பம்பர். அப்புறம் கதவைத் திறந்தால் தெரிகிற உள்விளிம்பு. அங்கே இரண்டு பூச்சும் கட்டாயம்.

ஜனவரியில் பனி இளகுகிற ஒரு நாளில் கழுவிப் பாருங்கள். தண்ணி முத்து முத்தாக நிற்காமல் பரவிக் கிடந்தால் ஸ்பிரே வக்ஸ் ஒன்றை அடித்துச் சமாளிக்கலாம். காரின் அடித்தட்டுத் துருவுக்கு மட்டும் எந்த வக்ஸும் உதவாது. அதற்குத் துருப் பிடிக்காமல் அடியில் எண்ணெய் அடித்துவிடுகிற இடத்தில் காரைத் தனியாகக் கொடுக்கவேண்டும். முதல் ஸ்னோ விழுந்த பிறகு போன் பண்ணினால் இடம் கிடைப்பது கஷ்டம்.