ரவுண்ட்கியூப் வெப்மெயில்ல எக்ஸ்எஸ்எஸ் ஓட்டையை அடைக்கிறது எப்படி

ஆத்தங்குடில டைல்ஸ் போடுற எங்க சித்தப்பா பட்டறைக்கு மெயில் சர்வர் நான்தான் பாத்துக்கிறேன், வெளிநாட்டு ஆர்டர், கொட்டேஷன், பேங்க் டீடெய்ல்ஸ் எல்லாம் அந்த ரவுண்ட்கியூப்லதான் (பிரவுசர்லயே மெயில் பாக்குற சாஃப்ட்வேர்) வரும். ஒருநாள் வெர்ஷன் பாத்தா 1.6.7, பக்குன்னு ஆயிருச்சு.

வர்ற எச்டிஎம்எல் மெயில்ல இருக்குற ஸ்கிரிப்ட்ட ரவுண்ட்கியூப் சலிச்சு எடுத்துட்டுத்தான் காட்டும். சல்லடையில ஒரு கண்ணு பெருசா இருந்தா போதும், ஸ்கிரிப்ட் உள்ள வந்து நீங்க லாகின் பண்ணின பக்கத்துலயே ஓடும், இதத்தான் எக்ஸ்எஸ்எஸ்னு சொல்றாங்க. 2023ல எஸ்விஜி படத்தை வச்சு இப்படித்தான் உள்ள வந்தாங்க (சிவிஇ-2023-5631, சிவிஇங்கிறது வெளிய தெரிஞ்ச ஓட்டைக்கு குடுக்குற நம்பர்). சிவிஇ-2024-42009ல லிங்க் எதையும் கிளிக் பண்ணக்கூட வேணாம், மெயில திறந்தாலே போதும், அது 1.6.7 வரைக்கும் இருந்துச்சு, 1.6.8ல சரி பண்ணினாங்க. லாகின் குக்கீயை ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி எச்டிடிபி-ஒன்லி போட்டிருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க, ஸ்கிரிப்ட் குக்கீயை திருடவே வேணாம், உங்க பேர்லயே மெயில படிக்கும், அனுப்பும்.

1. டேட்டாபேஸ் பேக்கப், அப்புறம் கான்ஃபிக் ஃபோல்டர் காப்பி. இது இல்லாம கைய வைக்காதீங்க.

2. எந்த ஃபோல்டர் ஓடுதுன்னு பாருங்க. எனக்கு அரைநாள் போனது இங்கதான். அப்டேட் எர்ரர் இல்லாம முடிஞ்சுது, ஆனா பிரவுசர்ல அபவுட் பக்கம் இன்னும் 1.6.7ன்னே காட்டுது, கேஷ கிளியர் பண்றேன், பிஎச்பிய ரீஸ்டார்ட் பண்றேன், ஒண்ணும் மாறல. கடைசில பாத்தா சர்வர்ல ரெண்டு ரவுண்ட்கியூப் இருக்கு, நான் அப்டேட் பண்ணினது ஒண்ணு, என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) காட்டுறது இன்னொண்ணு. அதனால முதல்ல என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல ரூட்னு இருக்குற வரிய படிங்க, அந்த பாதையை எழுதி வச்சுக்கிட்டு அதுலயே வேலை பாருங்க. ஓடாத பழைய காப்பிய அழிச்சிருங்க.

3. 1.6 வரிசையில கடைசியா வந்ததை டவுன்லோட் பண்ணி வேற இடத்துல விரிங்க. புது ஃபோல்டருக்குள்ள நின்னு பின் (bin) ஃபோல்டர்ல இருக்குற இன்ஸ்டால்டூ (installto.sh) ஸ்கிரிப்ட்ட ஓட்டி, பழைய பாதைய குடுங்க. டேட்டாபேஸையும் அதுவே மாத்திரும். கையால காப்பி போட்டு மேல ஒட்டுறது எனக்கு பிடிக்கவே பிடிக்காது, பழைய ஃபைல் அங்கங்க தங்கிரும்.

4. டெம்ப், லாக்ஸ் ஃபோல்டர் ரெண்டுலயும் வெப் சர்வர் எழுத பெர்மிஷன் இருக்கணும். இன்ஸ்டாலர் ஃபோல்டர் இருந்தா எடுத்துருங்க.

5. எல்லா அக்கவுண்ட்லயும் செட்டிங்ஸ்ல ஃபில்டர்ஸ் திறந்து, தெரியாத அட்ரஸுக்கு ஃபார்வேர்ட் போகுதான்னு பாருங்க. அப்டேட் பண்ணினாலும் ஏற்கனவே போட்ட ஃபார்வேர்ட் அப்படியேதான் இருக்கும். பாஸ்வேர்டையும் மாத்துங்க.

இன்னைக்கே அப்டேட் பண்ண முடியலன்னா, எச்டிஎம்எல் காட்டுற செட்டிங்க ஆஃப் பண்ணிட்டு, அதுவரைக்கும் தண்டர்பேர்ட் மெயில் ஆப்லயே மெயில் பாக்கச் சொல்லுங்க. சித்தப்பாவுக்கு நான் அதைத்தான் பழக்கிட்டேன், இந்த ஓட்டை வெப்மெயில் பக்கத்துலதான் இருக்கு, தண்டர்பேர்ட் மெயில் எடுக்குற ஐமேப் வழியில இல்ல.

அப்டேட்: தேவகோட்டையில இருந்து ஒரு தம்பி, டெபியன் லினக்ஸ்ல ஏபிடில (பேக்கேஜ் போடுற கமாண்ட்) ரவுண்ட்கியூப் போட்டேன், நம்பர் பழசாவே இருக்கேன்னு கேட்டிருந்தாப்ல. டெபியன்காரங்க நம்பர மாத்தாம சரி பண்ணினத மட்டும் பழைய வெர்ஷன்ல சேத்துருவாங்க தம்பி, நம்பருக்கு பின்னாடி வர்ற டெப்12யு வாலப் பாருங்க, அந்த பேக்கேஜோட சேஞ்ச்லாக்ல மேல சொன்ன சிவிஇ நம்பர் இருந்தா சரியாயிருச்சுன்னு அர்த்தம். ஏபிடில போட்டிருந்தா 3வது ஸ்டெப்ப செய்யவே செய்யாதீங்க, ஏபிடி அப்கிரேடு மட்டும் போதும்.